காற்றுக்கு என்ன கணக்கு?

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் நேரத்தில் டெல்டாவிலிருந்து வரும் கடிதங்களில் காற்று வீசாத கடிதம் குறைவு. கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16-ஐ அந்தப் பக்கத்தில் யாரும் காலண்டரைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்வதில்லை. சினிமா, அரசியல் கேள்விகள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளட்டும். இந்த முறை காற்றுக்கு மட்டும் இடம்.

மன்னார்குடி வாசகர்: புயல், சுழற்காற்று, சூறைக்காற்று எல்லாம் ஒன்றுதானா?

ஒரே குடும்பம், குணம் வேறு. புயல் கடலில் பிறக்கும், நாள்கணக்கில் வாழும், சில நூறு கிலோமீட்டர் அகலத்தில் வரும். டொர்னேடோ என்கிற சுழற்காற்று இடிமேகத்திலிருந்து தும்பிக்கைபோல இறங்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். சூறைக்காற்று என்று நாளிதழில் படிக்கிறோமே, அது அநேகமாகக் கோடை இடிமழையோடு வருவது. வாழை வைத்தவருக்கு மட்டும் மூன்றும் ஒன்றுதான். மறுநாள் காலையில் தார் மண்ணில் கிடக்கும்.

உடுமலை, கல்லூரி மாணவி: ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறார்களே, பறக்குமா?

அம்மி பறக்காது. அம்மி இருக்கும் வீட்டின் கூரை பறக்கும். மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் வரும் காற்று, தன்னை எதிர்த்து நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 14 கிலோ பாரம் வைத்ததுபோல அழுத்துகிறது. வேகம் இரட்டிப்பாகி 108 ஆனால் அழுத்தம் நான்கு மடங்காகிறது, அதாவது 56 கிலோ. பத்தடிக்குப் பத்தடி சுவர் ஒன்றின்மேல் அரை டன் பாரம் சாய்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று எடையைப் பார்ப்பதற்கு முன் பரப்பைப் பார்க்கிறது. அம்மிக்குப் பரப்பு இல்லை, தப்பித்தது. தகரத்துக்கு அது மட்டும்தான் இருக்கிறது.

திருத்துறைப்பூண்டி வாசகர்: கஜா என்று பெயர் வைத்தது யார்?

இலங்கை. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் பிறக்கும் புயல்களுக்குச் சுற்றியுள்ள நாடுகள் முறைவைத்துப் பெயர் கொடுக்கின்றன. 2020-ல் வந்த புதிய பட்டியலில் 13 நாடுகள் கொடுத்த 169 பெயர்கள் இருக்கின்றன. இந்தியா கொடுத்தவற்றில் 'முரசு', 'நீர்' இரண்டும் உண்டு. கஜா என்றால் யானை. தோப்புக்குள் புகுந்த யானை என்ன செய்யும் என்று வேதாரண்யத்துக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பேராவூரணி, தென்னை விவசாயி: வயலில் சம்பா நின்றது. தோப்பில் தென்னை விழுந்தது. கஜாவுக்குத் தென்னைமேல் என்ன கோபம்?

நவம்பர் நடுவில் சம்பா இளம்பயிர். முழங்கால் உயரத்துக்குக் கீழே நிற்கும், வளைந்து கொடுக்கும். தென்னை, தன் பாரத்தையெல்லாம் ஐம்பது அறுபது அடி உயரத்தில் தலையில் சுமந்து நிற்கிறது. நெம்புகோலின் நுனியைப் பிடித்து ஆட்டுவதுபோலக் காற்று அந்தக் கொண்டையைப் பிடித்து ஆட்டுகிறது.

கீழே தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடிமரத்திலிருந்து விரல் தடிமனில் ஆயிரக்கணக்கான வேர்கள் பக்கவாட்டில் ஓடும். மண் இறுகியிருக்கும்வரை அந்தப் பிடி போதும். வடகிழக்குப் பருவமழையில் ஊறிய மண்ணில் அதே பிடி தளர்ந்துவிடும்.

ஒன்றைத் தென்னையின் பக்கம் நின்று சொல்ல வேண்டும். காற்றைத் தாங்கவே பிறந்த மரம் அது. மட்டை கீறல் கீறலாகப் பிரிந்து காற்றுக்கு வழிவிடும், தண்டு நாணல்போல வளையும். அப்படிப்பட்ட மரமே பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் லட்சக்கணக்கில் சாய்ந்தது என்றால், நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே நள்ளிரவுக்குப் பின் கரையேறிய காற்று எப்படிப்பட்டது என்று கணித்துக்கொள்ளலாம்.

நாகப்பட்டினம் வாசகர்: நடுவில் காற்று நின்றுவிட்டால் வெளியே வந்து பார்க்கலாமா?

கூடாது. நின்றது காற்று இல்லை, உங்கள் ஊருக்கு மேல் புயலின் கண் வந்திருக்கிறது. கண் நகர்ந்ததும் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் பாதியில் ஒரு பக்கம் வேர் தளர்ந்த மரத்தை, இரண்டாம் பாதி மறுபக்கமிருந்து பிடித்துத் தள்ளும். மாட்டைப் பார்க்க, கூரையைக் கட்ட என்று அந்த அமைதியை நம்பி வெளியே போனவர்கள் எத்தனையோ புயல்களில் திரும்பவில்லை. வானொலியோ செல்போனோ 'புயல் கடந்துவிட்டது' என்று சொல்லும்வரை கதவு சாத்தியே இருக்கட்டும்.

வேதாரண்யம், மூதாட்டி: மாட்டைக் கட்டி வைக்கணுமா, அவுத்து விடணுமா தம்பி?

அவிழ்த்து விடுங்கள், அம்மா. கயிற்றில் நிற்கும் மாடு கொட்டகை விழுந்தாலும், தண்ணீர் ஏறினாலும் நகர முடியாது. அவிழ்த்துவிட்ட மாடு மேட்டைத் தேடிப் போகும்.

கும்பகோணம் வாசகர்: புயல் நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று வெளியே போய்விடும், கூரை தப்பும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்: உள்ளே வந்த காற்று வெளியே போக ஜன்னலைத் தேடாது, கூரையைத் தூக்கும். வெளியே கூரைக்கு மேலே ஓடும் காற்று அதை மேல்நோக்கி இழுக்கிறது. உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து தள்ளினால் இரண்டு பேர் தூக்கிய கதையாகிவிடும். அடைக்க முடிந்ததை அடையுங்கள். தகரத்தின் ஓரங்களையும் மூலைகளையும் ஆடி மாதத்திலேயே பாருங்கள். கூரை முதலில் பிய்வது அங்கேதான்.

காரைக்கால் வாசகர்: பத்தாம் எண் கூண்டுக்கு மேல் உண்டா?

உண்டு. 10 என்றால் பெரும் அபாயம், புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும். 11 என்றால் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். பகலில் கூண்டு, இரவில் விளக்கு. இன்று செல்போன் இருக்கிறது என்றாலும் அந்தக் கூண்டு எனக்குப் பிடிக்கும். அதற்குச் சார்ஜ் தேவையில்லை.

ஒரத்தநாடு விவசாயி: சாய்ந்த தென்னையை நிமிர்த்தி வைத்தால் பிழைக்குமா?

இளமரம், வேரில் ஒரு பகுதி இன்னும் மண்ணில் இருக்கிறது, குருத்து முறியவில்லை, இந்த மூன்றும் இருந்தால் பிழைக்கலாம். மெல்ல நிமிர்த்தி, மண் அணைத்து, முட்டுக் கொடுங்கள். சேதமான மட்டைகளைக் கழித்து, கொண்டைப் பகுதியில் ஒரு சத போர்டோ கலவை தெளித்தால் குருத்தழுகல் வராமல் தடுக்கலாம். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு என்பதுதான் அந்தக் கணக்கு.

குருத்து முறிந்திருந்தால் காத்திருக்காதீர்கள். மாமரத்தை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். தென்னைக்கு உயிர்நிலை ஒன்றே ஒன்று, அது உச்சியில் இருக்கிறது.

அதே விவசாயி: விழுந்த மரத்தை அப்படியே விட்டால் மக்கி உரமாகாதா?

உரமாகும் முன் வண்டுக்கு வீடாகிவிடும். காண்டாமிருக வண்டு மக்கும் மரத்திலும் எருக்குழியிலும் முட்டையிடும். வளர்ந்த வண்டு பக்கத்தில் நிற்கும் மரத்தின் விரியாத குருத்தைக் குடையும். சிவப்புக் கூன்வண்டு, காயம்பட்ட மரத்தின் வாசனையைப் பிடித்து வரும். காற்று விட்டுவைத்த மரத்தை வண்டுக்குக் கொடுத்துவிடக் கூடாது. விழுந்ததை அகற்றுவது நிற்பதைக் காப்பாற்றத்தான்.

அதிராம்பட்டினம் வாசகர்: கஜாவுக்குப் பின் மரத்துக்கு 1,100 ரூபாய் கொடுத்தார்களே, போதாதா?

அதில் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தரமான மரம் ஆண்டுக்கு 80 காய், காய்க்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடம் 800. நெட்டை ரகக் கன்று பாளை விட ஆறேழு வருடம் ஆகும். நல்ல காய்ப்புக்கு வர இன்னும் சில வருடம். முதல் ஏழு வருடத்துக்கு மட்டும் கணக்கிட்டாலே 5,600 வருகிறது. கன்று வாங்கியது, குழி எடுத்தது, தண்ணீர் பாய்ச்சியது எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

அரசு கொடுத்த பணத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவசரத்துக்கு அது உதவியது. ஆனால் நாம் மரத்துக்கு விலை போட்டோம். மரத்தின் காலத்துக்கு விலை போடவில்லை. நெல் போனால் ஒரு போகம் போகிறது. தென்னை போனால், பிள்ளை ஆறாம் வகுப்பில் இருக்கும்போது நின்ற வருமானம் அவன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போதுதான் திரும்ப வருகிறது. மரப்பயிர் நிவாரணம் ஒரே நாளில் கொடுத்து முடிக்கிற தொகையாக இருக்கக் கூடாது. கன்று காய்க்கும்வரை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்க வேண்டும்.

பட்டுக்கோட்டை பக்கத்துச் சகோதரி: எனக்குத் தோப்பு கிடையாது. கீற்று முடைந்து பிழைத்தேன். எனக்கு யார் நஷ்டஈடு தருவார்கள்?

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத கேள்வி இது. ஒரு தென்னை விழுந்தால் எத்தனை பேர் கை நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மரம் ஏறுபவர், மட்டை உரிப்பவர், கீற்று முடைபவர், ஈர்க்கு சீவுபவர், கயிறு திரிப்பவர், தேங்காய் லோடு ஏற்றுபவர். தோப்புக்காரருக்குச் சிட்டா இருக்கிறது, அடங்கல் இருக்கிறது. வந்து எண்ணிவிட்டுப் போக விழுந்த மரமாவது இருக்கிறது. உங்களுக்கு எண்ணிக் காட்ட எதுவும் இல்லை. போனது நாளைய கூலி. அது தரையில் விழுந்து கிடக்காது, படம் எடுக்க முடியாது.

சேதக் கணக்கு எடுக்க வரும் படிவத்தில் 'எத்தனை மரம்' என்ற கட்டத்துக்குக் கீழே 'இந்தத் தோப்பை நம்பி எத்தனை பேர்' என்று ஒரு கட்டம் வேண்டும். அதற்குப் பெரிய சட்டம் தேவையில்லை, ஒரு வரி அச்சடித்தால் போதும். அந்த வரி வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம், சகோதரி.

முத்துப்பேட்டை, குத்தகை விவசாயி: நிலம் அவர் பெயரில், உழைப்பு என் பெயரில். நிவாரணம் யார் பெயரில்?

பெரும்பாலும் காகிதம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில். அதனால் காற்று வரும் முன்பே காகிதத்தைக் கவனியுங்கள். குத்தகையை எழுத்தில் வாங்குங்கள், சாகுபடி அடங்கலில் உங்கள் பெயர் ஏற முயற்சி செய்யுங்கள். சேதம் நடந்தால் வெட்டி அகற்றும் முன் படம் எடுங்கள், மரத்தை எண்ணி எழுதி வையுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் போனால்தான் பேரிடர் நிவாரண விதி உங்களைத் திரும்பிப் பார்க்கும். கண்ணால் பார்த்த சேதமும் எண்ணாக மாறினால்தான் அலுவலகத்துக்குள் நுழையும்.

பொள்ளாச்சி வாசகர்: தென்னைக்கு இன்சூரன்ஸ் உண்டாமே?

உண்டு. தென்னை வளர்ச்சி வாரியத்தின் தென்னை மரக் காப்பீட்டுத் திட்டத்தில் பிரீமியத்தில் பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் கட்டும்படி அமைத்தார்கள். விவசாயியின் பங்கு மீதிக் கால்தான். ஒரு மரத்துக்குச் சில ரூபாயில் முடிகிற விஷயம் அது. புயல், வெள்ளம் எல்லாம் அதில் அடக்கம். ஊரில் பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேருக்குத் தெரியவில்லை என்பதே என் வருத்தம். உரம் வாங்கப் போகும்போது வேளாண் அலுவலகத்தில் ஒரு நிமிடம் நின்று விசாரியுங்கள்.

கோபிச்செட்டிபாளையம், வாழை விவசாயி: சித்திரையில் பத்து நிமிடக் காற்று. ஆயிரம் வாழை போச்சு. பேரன் அதை டொர்னேடோ என்கிறான்.

பேரனைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய் மரங்கள் எந்தப் பக்கம் விழுந்திருக்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகச் சுழன்று கிடந்தால் அவன் சொல்வது சரியாக இருக்கலாம். எல்லாம் ஒரே திசையிலோ, நடுவிலிருந்து நாலா பக்கமும் விரிந்தோ கிடந்தால் அது மேகத்திலிருந்து கொட்டிய காற்று. கோடை மழையின் துளிகள் பாதி வழியில் ஆவியாகும்போது காற்று குளிர்ந்து கனமாகிறது. கனமான காற்று அண்டாத் தண்ணீரைக் கவிழ்த்ததுபோலத் தரையில் விழுந்து பரவுகிறது. நம் வாழைகளை வீழ்த்துவது பெரும்பாலும் இதுதான்.

இதைக் கண்டு சொன்னவர் ஜப்பானில் பிறந்த டெட்சுயா ஃபுஜிட்டா. 1945-ல் அணுகுண்டு விழுந்த நாகசாகியில் மரங்கள் நட்சத்திரம்போல விரிந்து கிடந்ததை நேரில் பார்த்தவர். பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்கக் காட்டில் காற்று சாய்த்த மரங்களை விமானத்திலிருந்து பார்த்தபோது அதே கோலம் தெரிந்தது. சாய்ந்த மரத்தைச் சாட்சியாக வைத்துக் காற்றை விசாரித்த மனிதர் அவர்.

பவானி, பள்ளி ஆசிரியர்: டொர்னேடோவின் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்? கருவியே பறந்துவிடாதா?

சரியாகப் பிடித்தீர்கள். அதனால்தான் ஃபுஜிட்டா 1971-ல் தலைகீழாக யோசித்தார். முதலில் சேதத்தைப் பார், அதிலிருந்து வேகத்தைக் கணி. ஓடு பறந்ததா, சுவர் விழுந்ததா, அஸ்திவாரம் மட்டும் மிச்சமா என்று பார்த்து 0 முதல் 5 வரை தரம். 2007 முதல் திருத்திய அளவுகோலை அமெரிக்கா பயன்படுத்துகிறது. அதில் 5 என்றால் மணிக்கு சுமார் 322 கி.மீ.க்கு மேல். இதில் ஒரு சங்கடமும் உண்டு. வெறும் வயலில் போன காற்றுக்கு இடிக்க வீடு கிடைக்காததால் மார்க் குறையலாம். விவசாயியின் சேதம் உலகம் முழுக்கவே சற்றுக் குறைத்துத்தான் மதிப்பிடப்படுகிறது.

திண்டுக்கல் வாசகர்: அமெரிக்க விவசாயிக்கு இந்தக் கவலையெல்லாம் இருக்காதே?

2020 ஆகஸ்ட் 10 அன்று அயோவா மாநிலத்தில் இருந்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். அறுவடைக்குச் சில வாரங்களே இருந்த மக்காச்சோளம், மைல்கணக்கில் பாய் விரித்ததுபோலப் படுத்துவிட்டது. தானியம் சேமிக்கும் இரும்புக் குதிர்கள் காகிதக் கப்பைப்போல நசுங்கின. அது சுழலவில்லை, நேராக ஓடிய காற்று. 'டெரெச்சோ' என்று பெயர், ஸ்பானிஷ் மொழியில் 'நேர்' என்று பொருள். 1888-ல் அந்தப் பெயரை வைத்த வானிலை ஆய்வாளர் ஹின்ரிக்ஸும் அயோவாவில் வாழ்ந்தவர்தான். சேத மதிப்பு 1,100 கோடி டாலருக்கு மேல்.

சென்னை வாசகர்: உலகில் மிக அதிக உயிரைக் குடித்த டொர்னேடோ அமெரிக்காவில்தானே?

இல்லை, வங்கதேசத்தில். 1989 ஏப்ரல் 26, மாணிக்கஞ்ச் மாவட்டத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். அமெரிக்காவின் மிகக் கொடிய டொர்னேடோ 1925-ல் மூன்று மாநிலங்களில் கொன்றது 695 பேரை. காற்று எங்கே வலுவாக இருந்தது என்பதைவிடச் சுவர் எங்கே மெலிந்திருந்தது, எச்சரிக்கை எங்கே எட்டவில்லை என்பதுதான் சாவைத் தீர்மானிக்கிறது. கஜாவில் 60-க்கும் மேற்பட்டோரை இழந்தோம். கரையேறும் முன்பே 80,000 பேருக்குமேல் முகாம்களுக்குப் போயிருக்காவிட்டால் அந்த எண் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே மனம் வரவில்லை.

மட்டக்களப்பு வாசகர்: எங்களுக்கும் ஒரு கஜா உண்டு. அது யாருக்கும் ஞாபகமில்லையா?

1978 நவம்பர் 23. உங்கள் கடற்கரையின் தென்னந்தோப்புகளில் பெரும்பகுதி ஒரே இரவில் போனது. இறந்தவர்கள் 900-க்கு மேல். ஞாபகம் இருக்கிறது, ஐயா. பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மரத்தை நம்பியவர்கள் நாம்.

திருவாரூர் வாசகர்: கஜாவுக்குப் பின் எங்கள் ஊருக்கு மின்சாரம் வர வாரக்கணக்கானது. அவ்வளவு நாளா?

சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். சேற்று வயலில் இடுப்பளவு தண்ணீரில் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டார்கள். வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் அவர்கள். உங்கள் வீட்டில் விளக்கு எரிந்த அன்று அவர்கள் வீட்டில் அவர்கள் இல்லை. கோபத்துக்கு நியாயம் உண்டு, நன்றிக்கும் உண்டு.

தேனி விவசாயி: வாழைக்கு முட்டு எப்போது கொடுக்க வேண்டும்?

வானிலை அறிக்கை கேட்ட பிறகு கொடுத்தால் தாமதம். தார் தள்ளும் பருவத்திலேயே சவுக்குக் கம்பை மரம் சாயும் பக்கத்தில் நிறுத்திக் கட்டுங்கள். காற்று வரும் திசையில் சவுக்கு, அகத்தி வரிசை வையுங்கள். அந்த வரிசை தன் உயரத்தைப்போலச் சுமார் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றைத் தணிக்கும். மதில் சுவர் வேண்டாம். சுவர் காற்றைச் சுழலவிடும், மரம் வடிகட்டி அனுப்பும்.

பேராவூரணி இளைஞர்: அப்பா மறுபடியும் தென்னையே வைக்கிறார். தடுக்கலாமா?

தடுக்காதீர்கள், பக்கத்தில் நின்று கொஞ்சம் மாற்றுங்கள். தண்ணீர் நிச்சயமில்லாத கடைமடையில் தென்னைதான் அவரைக் கரைசேர்த்தது, அந்த நன்றி அவருக்கு இருக்கும். 25 அடி இடைவெளியை விடாதீர்கள், நெருக்கி நட்டால் உயரத்துக்குப் போட்டி போட்டு மரம் மெலியும். மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும் குட்டை, ஒட்டு ரகங்களையும் சில வரிசை வையுங்கள். ஊடே வாழை, கொக்கோ. முழுத் தோப்பையும் ஒரே வருடத்தில் நடாமல் பகுதி பகுதியாக நடுங்கள். பண்ருட்டியில் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பலாவையும் முந்திரியையும் சேர்த்துச் சாய்த்தபோது, வேறு வருமானம் இருந்த வீடுதான் முதலில் எழுந்தது. ஒரே வயது, ஒரே மரம், ஒரே இரவு என்ற மூன்றும் ஒன்றாகச் சேரக் கூடாது.

ஒரத்தநாடு பக்கத்துத் தாத்தா: 2019-ல் வைத்த கன்றில் இப்போதுதான் முதல் பாளை எட்டிப் பார்க்கிறது. இதையெல்லாம் பத்திரிகையில் போடுவீர்களா?

இதைப் போடாமல் வேறு எதைப் போடுவது, ஐயா? வானிலைக் கணக்கில் கஜா சில நாட்களில் அரபிக் கடலுக்குப் போய் ஓய்ந்துவிட்டது. உங்கள் தோப்பில் அது இன்றைக்குத்தான் கரையைக் கடந்திருக்கிறது.